மோட்டார்ஹோம்ல கிரேட் ஓஷன் ரோடு: ஃப்ரெண்ட்ஸ் கேங்கோட கிளம்புறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

நான் மெல்பர்ன்ல இருக்கிறதால ஊர்லேருந்து யாரு கிளம்பினாலும் சரி, சிட்னிலேருந்து யாரு வந்தாலும் சரி, முதல் போன் எனக்குத்தான் வரும். மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளயே இருக்கிற வேன் எடுத்துட்டு கிரேட் ஓஷன் ரோட்டுல மூணு தடவை போயிருக்கேன், அதுல ஒரு தடவை ஆறு பேரா. ஒரே பதிலை வாய்ஸ் மெசேஜா அனுப்பி அனுப்பி தொண்டை வத்திப்போச்சு, அதான் எழுதியே வச்சுட்டேன். கேள்வியெல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

மச்சி, இந்த ரோடு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது? அப்படி என்ன இருக்கு அதுல?

ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல டார்க்கீங்கிற ஊர்ல ஆரம்பிச்சு வார்னம்பூல் பக்கத்துல அலன்ஸ்ஃபோர்டுல முடியுது, மொத்தம் 243 கிமீ. மெல்பர்ன் சிட்டிலேருந்து டார்க்கீக்கே சுமார் 100 கிமீ, அது சாதாரண ஹைவே. அதுக்கப்புறம் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல ரெண்டே லேன்.

முதல் உலகப்போர்லேருந்து திரும்பி வந்த சிப்பாய்ங்க சுமார் 3000 பேரு போட்ட ரோடு இது. 1919-ல ஆரம்பிச்சு 1932-ல முடிச்சாங்க, பெரும்பாலும் கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து வச்சுதான். போர்ல செத்துப்போன கூட்டாளிங்களுக்கு நினைவுச்சின்னமாவே இந்த ரோட்டை போட்டாங்க. ஈஸ்டர்ன் வியூங்கிற இடத்துல ரோட்டுக்கு மேல ஒரு மர வளைவு வரும், பக்கத்துலயே சிலை இருக்கும், எல்லாரும் நிறுத்தி போட்டோ எடுப்பாங்க. 1983 காட்டுத்தீயில எரிஞ்சுபோன வளைவை திரும்பக் கட்டினதுதான் இப்ப இருக்கிறது.

பஸ்ல ஒரே நாள்ல கூட்டிட்டுப் போயிட்டு கூட்டிட்டு வந்துடுறாங்களாமே, நமக்கு எதுக்கு வேனும் நாலு நாளும்?

ஆமா, கூட்டிட்டுப் போறாங்க. காலையில ஏறினா ராத்திரி இறங்கலாம், பாதி நேரம் தூங்கிட்டே வரலாம், பன்னெண்டு அப்போஸ்தலர்னு கடல்ல தனித்தனியா நிக்கிற பாறைங்க இருக்கு, அதுங்ககிட்ட நட்ட நடு வெயில்ல முக்கால் மணி நேரம் விடுவாங்க. பார்த்தாச்சுன்னு சொல்லிக்கலாம்.

ஆனா அந்தப் பாறைகளை சாயங்காலமும் பார்க்கணும், அடுத்த நாள் பஸ் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி காலையிலயும் பார்க்கணும், அதுக்கு பக்கத்துல எங்கயாவது தங்கினாத்தான் முடியும். என் கணக்கு மூணு ராத்திரி: முதல் நாள் லோர்ன், ரெண்டாவது அப்பல்லோ பே, மூணாவது போர்ட் கேம்பல். நாலாவது நாள் கடற்கரை வழியா திரும்பாம உள்நாட்டுல கோலாக் வழியா ஹைவே புடிச்சா மூணு, மூணரை மணி நேரத்துல மெல்பர்ன். இதுக்கும் கம்மியா நாள் இருந்தா மோட்டார்ஹோம் எடுக்காதீங்க, கார் எடுத்துட்டு ரூம் போட்டுக்கோங்க, காசும் மிச்சம்.

நாங்க ஆறு பேரு. ஆறு பெர்த் வண்டி எடுத்தா சரியா இருக்கும்ல?

படுக்க இடம் இருக்கும், வாழ இடம் இருக்காது. ஆறு பெர்த்னு போட்டிருந்தா நாலு பேருக்கு வசதி, ஆறு பேருக்கு நம்ம ஊரு ஸ்லீப்பர் கோச் மாதிரி. டிரைவர் தலைக்கு மேல ஒரு பெட்டு, சாப்பாட்டு மேஜையை இறக்கினா ஒரு பெட்டு, பின்னாடி ஒண்ணு. மேஜை பெட்டுல படுக்கிறவர் எழுந்தாத்தான் மத்தவங்களுக்கு காபி, அதனால அந்த இடத்தை சீக்கிரம் எழுந்திருக்கிற ஆளுக்குக் கொடுங்க.

இன்னொண்ணு முக்கியம். எத்தனை பெர்த்துங்கிறது வேற, எத்தனை சீட் பெல்ட்டுங்கிறது வேற, புக் பண்ணும்போது ரெண்டையும் கேளுங்க. வண்டி ஓடும்போது எல்லாரும் பெல்ட் போட்டு உக்காந்திருக்கணும், பின்னாடி படுத்துட்டு வர்றது, எழுந்து போய் டீ போடுறது, பாத்ரூம் போறது எல்லாம் கிடையவே கிடையாது.

இந்தியா லைசென்ஸ் போதுமா? இல்ல லாரி லைசென்ஸ் மாதிரி எதாவது வேணுமா?

டூரிஸ்டா கொஞ்ச நாளைக்கு வர்றவங்களுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற லைசென்ஸ் போதும், கையிலயே வச்சிருக்கணும். இன்டர்நேஷனல் பெர்மிட் ஒண்ணு எடுத்துட்டு வந்தா வாடகைக்காரங்ககிட்ட பேச்சு மிச்சம். மொத்த எடை 4.5 டன் வரைக்கும் சாதாரண கார் லைசென்ஸ்லயே ஓட்டலாம், வாடகைக்கு வர்ற வண்டிங்க பெரும்பாலும் அதுக்குள்ளதான். ரத்தத்துல ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழதான் இருக்கணும், ஸ்டியரிங்கைப் புடிக்கிற ஆளு குடிக்கவே வேண்டாம்னு வச்சுக்கோங்க.

நான் இன்னோவாவுக்கு மேல எதுவும் ஓட்டினதில்ல, பயமா இருக்குண்ணே

இங்கயும் இடது பக்கம்தான் ஓட்டணும், அதனால பாதி பயம் வேண்டாம். மீதிப் பயம் நல்லது, வச்சுக்கோங்க. வண்டி ஏழு மீட்டர் நீளம் இருக்கும், மூணு மீட்டருக்கு மேல உயரம். சரியான உயரத்தை ஒரு பேப்பர்ல எழுதி டேஷ்போர்டுல ஒட்டிடுங்க. டிரைவ் த்ரூ, பேஸ்மென்ட் பார்க்கிங், பெட்ரோல் பங்க் கூரை, சாய்ஞ்ச மரக்கிளை, இந்த நாலும்தான் எதிரி. மேல்பாகமும் அடிப்பாகமும் இடிச்சா பல வாடகை இன்ஷூரன்ஸ்ல வராது.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருத்தர் இறங்கி பின்னாடி நின்னு சொல்லணும், நம்ம ஊரு கண்டக்டர் மாதிரி. ஒரே ஒருத்தர்தான். நாங்க முதல் தடவை போனப்ப மூணு பேரு இறங்கி ஒருத்தன் ரைட்டுங்கிறான், ஒருத்தன் ஹோல்டானுங்கிறான், மூணாவது ஆளு வீடியோ எடுக்கிறான், நான் குப்பைத்தொட்டியைத் தட்டிட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவை கிளம்புறதுக்கு முன்னாடியும் அலமாரி லாக், ஃப்ரிட்ஜ் லாக், கேஸ் வால்வு, மேல் ஜன்னல், கரண்ட் வயரு எல்லாம் பாருங்க. லாக் பண்ணாத அலமாரிலேருந்து முறுக்கு டப்பா முதல் வளைவுலயே பறந்து வந்துச்சு, முறுக்கு போனது கூட பரவாயில்ல, அந்த சத்தத்துக்கு நான் பிரேக் அடிச்சதுதான் ஆபத்து.

பின்னாடி கார் வரிசை சேர்ந்துச்சுன்னா ஒதுங்கி வழிவிட அங்கங்க தனி இடம் விட்டிருக்காங்க, கூச்சப்படாம ஒதுங்குங்க.

மெல்பர்ன்லேருந்து போறதா, இல்ல அடிலெய்டு பக்கத்துலேருந்து வர்றதா, எது நல்லது?

டார்க்கீலேருந்து மேற்கே போங்க. இடது பக்கம் ஓட்டுறோம், மேற்கே போனா கடலும் இடது பக்கம். எதிர் லேனைக் குறுக்கே வெட்டாம அப்படியே ஒதுங்கி நிறுத்திடலாம், கடலுக்கும் உங்களுக்கும் நடுவுல இன்னொரு வண்டி வராது.

கடலோரமா எங்கயாவது நிறுத்திட்டு அலை சத்தம் கேட்டுட்டே தூங்கிக்கலாம், வாடகை மிச்சம்தானே?

எல்லாருக்கும் இந்தக் கனவு இருக்கு, எனக்கும் இருந்துச்சு. ஆனா இந்த ரோட்டோரத்துலயும் வியூ பாயின்ட் பார்க்கிங்லயும் ராத்திரி தங்கக்கூடாது, கதவைத் தட்டி எழுப்பி ஃபைன் எழுதிடுவாங்க. கேரவன் பார்க்குல இடம் புடிங்க, வேனை நிறுத்தித் தங்குறதுக்குன்னே வாடகைக்கு விடுற இடம் அது. லோர்ன், அப்பல்லோ பே, போர்ட் கேம்பல் மூணு ஊர்லயும் தண்ணிக்குப் பக்கத்துலயே பார்க் இருக்கு, அலை சத்தமும் கேட்கும், வெந்நீர் ஷவரும் இருக்கும்.

ஜொஹானா பீச்ல நேஷனல் பார்க் கேம்ப் இருக்கு, அழகுன்னா அப்படியொரு அழகு, ஆனா முன்கூட்டியே புக் பண்ணணும், கரண்ட் கிடையாது. ஆட்வே காட்டுக்குள்ள கேம்ப் இடங்க இருக்குன்னு சொல்லுவாங்க, பலதுக்கும் மண் ரோட்டுலதான் போகணும். வாடகை வண்டி மண் ரோட்டுல போகலாமான்னு அக்ரிமென்ட்ல ஒரு வரி இருக்கும், அதைப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

பவர்டு சைட், அன்பவர்டு சைட்னு ரெண்டு விலை போட்டிருக்கான், கரண்ட் இல்லாம ஓட்ட முடியாதா?

ஒரு ராத்திரி ஓட்டலாம். லைட்டு, தண்ணி பம்பு ரெண்டும் வண்டியோட ரெண்டாவது பேட்டரில ஓடும், அடுப்பு கேஸ்ல. ஆனா ஏசி, மைக்ரோவேவ், ரைஸ் குக்கர் மூணுக்கும் வெளி கரண்ட் வேணும். ஆறு போன் சார்ஜ் போடுற கூட்டம்னா பவர்டு சைட்டே எடுத்துடுங்க.

வண்டியோட கரண்ட் வயரு 15 ஆம்ப் பிளக், எர்த் பின் கொஞ்சம் அகலம், சாதாரண வீட்டு 10 ஆம்ப் பாயின்ட்ல நுழையாது. மெல்பர்ன்ல சித்தப்பா வீட்டு வாசல்ல நிறுத்தி சார்ஜ் போட்டுக்கலாம்னு ஒரு தம்பி திட்டம் போட்டான், அங்கயே கவுந்துது.

வண்டிக்குள்ள சமைக்கலாமா? நம்ம சமையல்னா வாசனை போகாதே

சமைக்கலாம், தாளிக்காதீங்க. கடுகும் வரமிளகாயும் எண்ணெயில விழுந்த அடுத்த நிமிஷம் ஸ்மோக் அலாரம் கத்தும், ராத்திரி பத்து மணிக்கு பக்கத்து வேன்காரர் எட்டிப் பார்ப்பார். புளிக்காய்ச்சல், தொக்கு, பருப்புப்பொடி, வறுத்த ரவை இதெல்லாம் வீட்டுலயே பண்ணி எடுத்துட்டு வாங்க, வண்டில சாதம் மட்டும் வடிங்க. மளிகையை மெல்பர்ன்லயே முடிச்சுடுங்க, தேங்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் வழியில அலைய முடியாது.

வறுக்கணும், கறி சுடணும்னா இங்க பார்க்குல பீச்சுல எல்லாம் இலவச எலக்ட்ரிக் பார்பிக்யூ தட்டு இருக்கும், பட்டனை அமுக்கினா சூடாகும், முடிச்சுட்டு துடைச்சு வைக்கிறது மரியாதை. கோடையில சில நாள் டோட்டல் ஃபயர் பேன்னு அறிவிப்பாங்க, அன்னிக்கு வெளியில அடுப்பு பத்த வைக்கவே வைக்காதீங்க. இங்க தீன்னா விளையாட்டு இல்ல, 2015 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இதே ரோட்டுல வை ரிவர், செபரேஷன் க்ரீக் ரெண்டு ஊர்லயும் சேர்த்து 116 வீடு எரிஞ்சுபோச்சு.

கேட்கக் கூச்சமா இருக்கு, அந்த டாய்லெட்டை யாரு க்ளீன் பண்றது?

நீங்கதான். எல்லாரும் கடைசியாக் கேட்கிற கேள்வி, ஆனா முதல்லயே பேசி முடிக்க வேண்டிய கேள்வி. டாய்லெட்டுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கும், கேசட்னு சொல்லுவாங்க, கிட்டத்தட்ட 20 லிட்டர் புடிக்கும். ஆறு பேரு யூஸ் பண்ணா ஒரே நாள்ல ரொம்பிடும். வண்டிக்கு வெளியிலேருந்து சின்னக் கதவைத் திறந்து அதை உருவி, சூட்கேஸ் மாதிரி இழுத்துட்டுப் போய் கழிவு கொட்டுறதுக்குன்னே இருக்கிற டம்ப் பாயின்ட்ல ஊத்திட்டு, அலசி, மருந்து ஊத்தி திரும்ப மாட்டணும். கேரவன் பார்க்குல பெரும்பாலும் டம்ப் பாயின்ட் இருக்கும், புக் பண்ணும்போதே கேட்டுக்கோங்க. க்ளவுஸ் வாங்கிக்கோங்க, மூச்சைப் புடிச்சுக்கோங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க, சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

எங்க சட்டம் இது: ராத்திரி அவசரத்துக்கு ஒண்ணுக்கு மட்டும் வண்டில, ரெண்டுக்கு எல்லாம் கேரவன் பார்க் பாத்ரூம்லதான். கிளம்புறதுக்கு முன்னாடியே சீட்டு குலுக்கிப் போட்டு யாரு எந்த நாள்னு எழுதி கதவுல ஒட்டினோம். பேங்க்ல பெரிய பொறுப்புல இருக்கிற ஒருத்தன் இது என்னால முடியாதுன்னான், அப்ப நாலு நாளும் பாத்திரம் நீதான்னு சொன்னோம், அரை மணி நேரம் யோசிச்சுட்டு க்ளவுஸை வாங்கிக்கிட்டான்.

பாத்திரம் கழுவுற தண்ணி தனி டேங்க்ல சேரும், அதையும் ரோட்டுல திறந்து விடாதீங்க, டம்ப் பாயின்ட்தான்.

எந்த மாசம் போறது பெஸ்ட்?

பிப்ரவரி கடைசி, மார்ச். இல்லன்னா நவம்பர். கிறிஸ்துமஸ்லேருந்து ஜனவரி கடைசி வரைக்கும் இங்க ஸ்கூல் லீவு, கேரவன் பார்க்குல இத்தனை ராத்திரி தங்கினாத்தான் இடம்னு கண்டிஷன் போடுவாங்க, விலையும் ஏறிடும். ஈஸ்டருக்கு பெல்ஸ் பீச்ல சர்ஃபிங் போட்டி, டார்க்கீ பக்கம் நெரிசல்.

ஜூன், ஜூலைல குளிரும் காத்தும் ஆளைத் தூக்கும், சாயங்காலம் அஞ்சே காலுக்கெல்லாம் இருட்டிடும். ஆனா அப்பத்தான் வார்னம்பூல் லோகன்ஸ் பீச்ல திமிங்கலம் வரும், அதுக்காகவே ஒரு தடவை போகலாம்.

அப்பல்லோ பே தாண்டினதும் கடலே காணோம், தப்பான ரோட்டுல வந்துட்டோமா?

நடு வழியிலேருந்து போன் பண்ணிக் கேட்ட கேள்வி இது, அதுவும் பதட்டமா. தப்பில்ல, அங்க ரோடு கடலை விட்டுட்டு ஆட்வே மழைக்காட்டுக்குள்ள ஏறி லேவர்ஸ் ஹில் போய் பிரின்ஸ்டவுன் பக்கம் திரும்ப இறங்கும். அந்தக் காட்டுல பெரணி மரம் ஆளை விட ரெண்டு மடங்கு உயரம் நிக்கும், இறங்கி நடங்க. போன் சிக்னல் வரும் போகும், மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க, அப்பல்லோ பேலயே டீசல் போட்டுடுங்க. டீசல்தானான்னு மூடியைப் பார்த்து ரெண்டு தடவை உறுதி பண்ணுங்க.

லோர்னுக்கும் அப்பல்லோ பேக்கும் நடுவுல மழை பெஞ்சா மண்சரிவு வந்து ரோட்டை மூடுறதும் உண்டு. கிளம்புற அன்னிக்குக் காலையில விக்டோரியா அரசோட ரோடு நிலவர வெப்சைட்டைப் பார்த்துட்டுப் போங்க.

பன்னெண்டு அப்போஸ்தலர்னாங்க, எண்ணிப் பார்த்தா ஏழுதான் இருக்கு, மீதி எங்க?

பன்னெண்டு எப்பவுமே இல்ல. இருந்ததுலயும் 2005 ஜூலைல ஒண்ணு சரிஞ்சுபோச்சு, நீங்க நிக்கிற இடத்தைப் பொறுத்து ஒண்ணு ரெண்டு மறைஞ்சுக்கும். எல்லாம் சுண்ணாம்புக்கல், கடல் அடிவாரத்தை அரிச்சுட்டே இருக்கு. கிப்சன் ஸ்டெப்ஸ்ல 86 படி இறங்கினா மணல்லேருந்து அண்ணாந்து பார்க்கிற ரெண்டு பாறை இருக்கு, காக், மேகாக்னு பேரு, அதைக் கணக்குல சேர்க்க மாட்டாங்க.

போர்ட் கேம்பல் தாண்டினா லண்டன் ஆர்ச். முன்னாடி ரெண்டு வளைவோட கரையோட ஒட்டி இருந்த பாலம் மாதிரிப் பாறை, 1990 ஜனவரி 15 அன்னிக்கு கரைப்பக்க வளைவு இடிஞ்சு விழுந்து, அந்தப் பக்கம் நின்ன ரெண்டு பேரு கடலுக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க, ஹெலிகாப்டர் வந்து தூக்கிச்சு. வேலியைத் தாண்டி செல்ஃபி எடுக்கிற தம்பிங்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்றது.

என்னைக் கேட்டா அப்போஸ்தலர்களை விட லாக் ஆர்ட் கார்ஜ்ங்கிற கடலோரப் பள்ளத்தாக்குதான் மனசுல நிக்கும். 1878 ஜூன் 1 அன்னிக்கு லாக் ஆர்ட்ங்கிற கப்பல் இங்க மோதி, 54 பேர்ல ரெண்டே பேரு பிழைச்சாங்க, டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல். டாம் கரை சேர்ந்துட்டு திரும்ப கடல்ல இறங்கி அந்தப் பொண்ணை இழுத்துட்டு வந்திருக்கார். அதே கப்பல்ல வந்த பீங்கான் மயில் ஒண்ணு உடையாம ஒதுங்கிச்சு, இப்பவும் வார்னம்பூல் ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில் மியூசியத்துல இருக்கு. படில இறங்கி அந்தக் குட்டி மணல் கரைல நின்னு பார்த்தா ரெண்டு பக்கமும் செங்குத்தா சுவரு, எப்படி உயிரோட வந்தாங்கன்னே புரியாது.

கடல்ல இறங்கிக் குளிக்கலாம்ல? மெரினால விளையாடின ஆளுங்க நாங்க

மெரினாலயும் குளிக்கக்கூடாதுதான், விடுங்க. சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டு நட்டிருக்கும், அதுக்கு நடுவுல மட்டும் இறங்குங்க, கொடி இல்லன்னா காலை நனைச்சுட்டு வந்துடுங்க. உள்ளே இழுக்கிற நீரோட்டம் இங்க அதிகம், தண்ணியும் கோடைலயே ஐஸ் மாதிரி. போர்ட் கேம்பல்லேருந்து நேரா தெற்கே போனா அடுத்த நிலம் அண்டார்டிகாதான்.

கோலா, கங்காரு கண்டிப்பா பார்க்கணும்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க

கோலாவுக்கு கெனெட் ரிவர்ல நிறுத்தி யூகலிப்டஸ் மரத்தோட கிளைப் பிரிவுல சாம்பல் கலர் மூட்டை மாதிரி எதாவது தெரியுதான்னு தேடுங்க. கேப் ஆட்வே லைட்ஹவுஸ் போற 12 கிமீ கிளை ரோட்டுலயும் பார்க்கலாம், அந்த லைட்ஹவுஸ் 1848-லேருந்து நிக்குது. கங்காருவுக்கு ஆங்கிள்சீ கோல்ஃப் மைதானம். எதுக்கும் முறுக்கு போடாதீங்க.

பொழுது சாயும்போதும் விடியும்போதும் கங்காரு ரோட்டுக்கு வரும், அந்த நேரத்துல இந்த வண்டியை ஓட்டாதீங்க. நாலு மணிக்கு மேல அடுத்த ஊருக்குக் கிளம்பினதே இல்ல நாங்க.

மூணு வயசுப் பாப்பா கூட வருது, மடில வச்சுக்கலாமா?

முடியாது. ஏழு வயசுக்குள்ள இருந்தா குழந்தை சீட் கட்டாயம், அதுவும் ஆஸ்திரேலியா தரச் சான்று உள்ளதா இருக்கணும், ஊர்லேருந்து தூக்கிட்டு வந்தது செல்லாது. எல்லா மோட்டார்ஹோம் சீட்லயும் அதை மாட்ட கொக்கி இருக்காது, சீட் பெல்ட் பத்தி மேல சொன்னேன்ல, அதைக் கேட்கும்போதே இதையும் கேட்டுடுங்க.

டேமேஜ் ஆனா யாரு கட்டுறது? ஒருத்தன் கார்டுலதானே பாண்ட்னு முன்பணம் எடுக்கிறாங்க?

இதுலதான் நட்பு கிழியும். எங்க ரெண்டாவது ட்ரிப்புல ஒருத்தன் சாயங்காலம் காத்து வாங்க வண்டிப் பக்கவாட்டுல நிழலுக்கு விரிக்கிற துணிக்கூரையை, அதான் ஷேடை, இழுத்துவிட்டான், எல்லாரும் அதுக்குக் கீழ உக்காந்து டீ குடிச்சோம், ராத்திரி மடக்க மறந்துட்டோம், காத்து வந்து கம்பியை முறுக்கிப் போட்டுடுச்சு. பாண்ட் என் கார்டுல. இழுத்துவிட்டவன்தான் கட்டணும்னு ரெண்டு பேரு, எல்லாரும்தானே டீ குடிச்சோம்னு ரெண்டு பேரு, வார்னம்பூல் வரைக்கும் இதே பேச்சு.

இப்ப நாங்க பண்றது: வண்டி எடுக்கும்போதே இன்ஷூரன்ஸ்ல பெரிய கவரேஜ், அதைத் தலைக்கு இவ்வளவுன்னு முதல்லயே பிரிச்சுடுறது. மீறி வந்தா யாரு கை பட்டிருந்தாலும் சமபங்கு. ஸ்பீடிங், பார்க்கிங் ஃபைன் மட்டும் ஓட்டினவர் தலையில. வண்டியை வாங்கும்போது கூரை, அடிப்பாகம், ஷேடு எல்லாத்தையும் சுத்தி வீடியோ எடுத்துடுங்க, திருப்பிக் கொடுக்கும்போது பேச்சு குறையும்.

எல்லாரும் காலேஜ்லேருந்து ஒண்ணா இருக்கோம், ஆனா நாலு நாள் ஒரே பெட்டிக்குள்ளன்னா சண்டை வந்துடுமோ?

வரும். டாய்லெட் லிஸ்ட்டும் டேமேஜ் கணக்கும் முன்னாடியே பேசியாச்சுன்னா பெரிய சண்டைங்க வராது, சின்னது வரும்: குறட்டை, ஈரத்துண்டு, யாரு பாட்டு போடுறது. குறட்டை விடுறவருக்கு டிரைவர் தலைக்கு மேல இருக்கிற பெட்டைக் கொடுத்துட்டு மத்தவங்க காதுல பஞ்சு வச்சுக்கோங்க. தினம் ரெண்டு மணி நேரம் ஆளாளுக்குத் தனியா போங்க, ஒருத்தர் நடக்கட்டும், ஒருத்தர் தூங்கட்டும், ஒருத்தர் மீன் புடிக்கட்டும், ஆனா மீன் புடிக்க லைசென்ஸ் எடுக்கணும், ஆன்லைன்லயே கிடைக்கும்.

அந்த ஷேடு சண்டை எப்படி முடிஞ்சுதுன்னு கேட்கிறவங்களுக்கு: வார்னம்பூல்ல இறங்கி திமிங்கலம் பார்க்க நின்னோம், ஒண்ணரை மணி நேரம் ஒண்ணும் வரல, கிளம்பலாம்னு திரும்பினப்ப ஒண்ணு வாலைத் தூக்கிக் காட்டிச்சு. வண்டில ஏறினதும் இழுத்துவிட்டவனே கால்குலேட்டரை எடுத்து அஞ்சால வகுத்தான். அஞ்சு பேருல நான் ஒருத்தன், என் பங்கை இன்னும் யாரும் கேட்கல.